ஏட்டையா குனியும் காட்சி

பொம்மையின் பிடரியில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகை ஆனந்தவல்லியுடையது அல்ல.

களிமண் பொம்மையை நூலளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நூலளவு நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துக் கோத்து, அதற்கு உயிர் வந்ததுபோலக் காட்டுவது அவள் தொழில். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தங்கள் ரேகை மனப்பாடம். தொட்ட இடத்தில் எல்லாம் அது பதியும். படத்தை ஓட்டும்போது பொம்மையின் தோல்மேல் புழுப்போல நெளியும். அவளுடைய வலது கட்டைவிரலில் பிளேடு கிழித்த பழைய தழும்பு ஒன்று ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பிடரியில் இருந்த ரேகையில் வெட்டு இல்லை. அவள் விரலைவிட அகலமாகவும் இருந்தது.

வாசல் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலையில் பெருக்க வந்த தம்பி மனைவி மாரீஸ்வரி தெரியாமல் தொட்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். மாரீஸ்வரியின் விரல் வெண்டைப்பிஞ்சு மாதிரி இருக்கும் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று மரக்கரண்டியால் அந்த இடத்தைத் தடவி மழுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் பங்குனி வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே கும்மிருட்டு. ஜன்னல்களில் கறுப்பு அட்டையும் அதன்மேல் சாக்கும் அடித்து, கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்து, வெயில் ஒரு பொட்டுக்கூட உள்ளே வராமல் செய்திருந்தாள். நகரும் வெயில் இந்தத் தொழிலுக்கு எமன். மின்விசிறியும் ஆகாது. ஆகவே முதுகில் வியர்வை ஓட, மேசைமேல் இரண்டு விளக்குகள் மட்டும் எரிய, தேன்மெழுகும் கடலையெண்ணெயும் மண்ணும் கலந்த வாடை மூக்கை அடைக்க, தெருவில் போகும் பஸ்ஸின் ஹாரனும் அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலும் கிணற்றுக்குள் கேட்பதுபோல் கேட்க, நாள் முழுக்க அந்த அறையில் நின்றாள். அது அவளுடைய அப்பாவின் அறை. அவர் செத்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது.

சென்னையில் பதினெட்டு வருசம் அவள் அடுத்தவர்களுக்குப் பொம்மை ஆட்டியிருக்கிறாள். பற்பசைக்குப் பல்லை ஆடவைத்தாள், பழச்சாறுக்கு மாம்பழத்தைச் சிரிக்கவைத்தாள், கழிப்பறை கழுவும் திரவத்துக்காகக் கிருமிகளை அலறி ஓடவைத்தாள். அந்தக் கிருமிகளை நாடே அறியும். அவள் பேர் ஒருவருக்கும் தெரியாது. என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் "களிமண் உருட்டுறேன்" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். அவர்கள் வாயால் கேட்பதற்கு அது மேல்.

இந்தப் படம் அவளுடையது. ஐந்து வருசமாக விளம்பர வேலைகளுக்கு நடுவே எடுத்து, இப்போது ஒரே ஒரு காட்சி பாக்கி. வெளிநாட்டு விழா ஒன்று முடியாத படத்தைப் பார்த்தே இடம் ஒதுக்கியிருந்தது. மாதக் கடைசிக்குள் அந்தக் காட்சி போய்ச் சேரவேண்டும்.

படத்தின் கதை சின்னது. போலீஸ் ஏட்டு ஒருவர், தன் மகள் பிடித்து வைத்த மண் எருமையைத் தூக்கி எறிகிறார். கடைசிக் காட்சியில் அவர் குனிந்து அதைத் தரையிலிருந்து எடுக்கிறார். அவ்வளவுதான். நிஜத்தில் அவளுடைய அப்பா, ஏட்டையா மலைச்சாமி, எறிந்ததோடு சரி. எருமையை எறிந்தார், யானையை எறிந்தார், ஒரு முழுக் கல்யாண ஊர்வலத்தையே எறிந்தார். ஓவியக் கல்லூரியில் சேர்ந்தே தீருவேன் என்று அவள் நின்றபோது, நடுவீட்டில் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "இன்னையோட உன்னத் தலமுழுகிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. செத்தால் அவள் வரக்கூடாது என்றும் சொல்லி வைத்திருந்தார். அவளும் போகவில்லை. அவருக்கு மகள்தானே.

அந்த மனுசனைக் குனியவைக்கவேண்டும். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் வீதம், அவர் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிய அறையிலேயே, அவள் கையால்.

காலை முழுக்க அவள் பொம்மையின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, முதுகுக்குள் இருக்கும் கம்பியை வளைத்து, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தாள். மத்தியானம் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தாள்.

பொம்மை குனியவில்லை. நிமிர்ந்தது. மெதுவாக, நெஞ்சை விரித்து, மோவாயைத் தூக்கி, கடைசிப் படத்தில் லென்ஸை நேராகப் பார்த்தது.

அவள் மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நின்ற பொம்மை அவள் விட்ட இடத்திலேயே, இடுப்பு வளைந்து, தலை சாய்ந்து நின்றது. திரையில் இருந்தது மட்டும் வேறு.

கோப்பு மாறியிருக்கும். கேமரா கோளாறாக இருக்கும். வெயில் மண்டைக்கு ஏறியிருக்கும். மூன்றையும் வரிசையாக நம்பிப் பார்த்தாள், ஒன்றும் நிற்கவில்லை. பிறகு அழித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தாள். மறுபடி நிமிர்ந்தது. இந்தத் தடவை அறையில் இன்னொரு வாடையும் இருந்தது. பூட் பாலிஷ்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.  ஆனால் பயத்துக்கு அடியில் பழைய கோபம் ஒன்று பாம்பு மாதிரி தலையைத் தூக்கியது. சின்ன வயதிலும் இப்படித்தான், அடி விழப்போகிறது என்று தெரிந்தால் அவள் கன்னத்தை இன்னும் கொஞ்சம் காட்டுவாள்.

மாரீஸ்வரி சோற்றுத் தூக்கோடு வந்தபோது அவள் மூன்றாவது தடவை தொடங்கியிருந்தாள்.

"மதினி, இன்னும் பச்சத்தண்ணி பல்லுல படலையா? மணி என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" மாரீஸ்வரி தூக்கைக் கீழே வைத்துவிட்டு மேசைப் பக்கம் வந்தாள். பொம்மையைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மாமாவ உரிச்சு வச்ச மாதிரி இருக்கே. போன வாரம் இருந்த பொம்ம இப்படி இல்லையே."

"அது வெயிலுக்கு இளகிப்போச்சு. சென்னைல வாங்கின மண்ணு. விளக்குச் சூட்டுல தலை தானாத் தொங்கிருச்சு. அவரா குனிஞ்சா செல்லாது, நான்ல குனியவைக்கணும்" என்று ஆனந்தவல்லி சிரித்தாள். "அதான் மெழுகும் எண்ணெயும் போட்டு நானே புதுசாப் பிசைஞ்சேன்."

"மண்ணு ஏது?"

"வல்லரசு தோப்புக்குக் கண்மாய் வண்டல் அடிச்சான்ல, அதுல ரெண்டு கூடை அள்ளிட்டு வந்தேன். மாவு மாதிரி இருக்கு, ஒரு கல்லு கெடையாது. இந்த மாதிரி மண்ணு காசு குடுத்தாலும் கிடைக்காது."

மாரீஸ்வரி பொம்மையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னட்டி?"

"மதினி, அந்தக் கண்மாயிலதான மாமா சாம்பலக் கரைச்சோம். அப்பம் தண்ணி நெறையக் கெடந்துச்சு. கூமாப்பட்டிக் கண்மாய்." அவள் குரல் இறங்கியது. "நீங்க வரலல்லா, உங்களுக்குத் தெரியாது. மறுநா காடாத்துக்குப் போயி, சாம்பலக் கூட்டி ஆள் மாதிரி உருவம் புடிப்பாவல்லா, தலை, கை, காலு எல்லாம் வச்சு, பாலத் தெளிச்சு, பொறவுதான் அள்ளிக் கரைப்பாவ. உங்க தம்பிதான் புடிச்சாவ. அவியளுக்குக் கை ஓடல. 'எங்கக்கா இருந்தா நல்லாப் புடிச்சிருப்பா'ன்னு அழுதாவளாம்."

ஆனந்தவல்லி தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் சாம்பல் நிறத்தில் மண் இருந்தது. இதே கையால்தான் நேற்று ராத்திரி இட்லி தின்றாள்.

மாரீஸ்வரி சாப்பாட்டைப் போடக்கூட நிற்காமல் போய்விட்டாள். சாயங்காலம் தம்பி வல்லரசு வந்து நின்றான், ராஜபாளையம் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்தவன், தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அறைக்குள் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றே பேசினான்.

"அக்கா, எடுத்துக் குடு. வண்டில வச்சுக் கொண்டுபோயி அந்தக் கண்மாயிலயே போட்டுட்டு வந்துருதேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? அப்பாக்கா அது."

"ஏலே வல்லரசு, நான் செஞ்சதயெல்லாம் இந்த வீட்டுல தூக்கித்தான் போட்டாக. இதையும் நானே தூக்கிப் போடணுமாக்கும்?"

"நீ செஞ்சதப் போடச் சொல்லல. அவரப் போடச் சொல்லுதேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அவரு குனிஞ்சு நான் பாத்ததே இல்லக்கா. சாவுறப்பகூடப் படுக்கமாட்டேன்னுட்டாரு. உக்காந்தபடியேதான் உசுரு போச்சு. பாடைல வைக்கையில நாலு பேரு சேந்து அமுக்குனோம். ஒடம்பு படுத்துச்சு, தல மட்டும் படுக்கல. சுடுகாடு வரைக்கும் தலகாணிக்கு மேல ஒரு சாண் ஒசரத்துலதான் நின்னுச்சு. யாருக்கும் சொல்லல நாங்க. விட்டுருக்கா. அவரு மடங்கமாட்டாரு."

"நானும் அவரு மகதான்" என்றாள் ஆனந்தவல்லி. "நீ போய்ச் சாப்பிடு. நாளைக்குச் சாயங்காலம் வா, குனிஞ்சதக் காட்டுறேன்."

அவன் போன பிறகு வெகுநேரம் அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அறைக்குப் போகாமல் பஸ் ஏறிவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. படம் போய்விடும், அவ்வளவுதான், இன்னொரு பல் ஆடும், இன்னொரு மாம்பழம் சிரிக்கும்.  உயிரோடு இருந்து என் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்த்த மனுசன் செத்தும் கெடுப்பதா என்று இருந்தது. இருந்தால் என்ன, அவராகவே இருந்தால் இன்னும் நல்லது. வேறொருவரைப் பொம்மையாக்கி அவர் பேரைச் சொல்லிக் குனியவைப்பதற்குப் பதில், அசலே கையில் கிடைத்திருக்கிறது.

மறுநாள் பல் துலக்கிய கையோடு அறைக்குள் போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். இடுக்கில் சேலையைத் திணித்தாள். விளக்கைப் போட்டதும், வளைத்துவிட்டுப் போன பொம்மை விறைப்பாக நிமிர்ந்து நிற்பது தெரிந்தது. அவள் ஆச்சரியப்படவில்லை.

"வாங்கப்பா" என்றாள். "இன்னைக்கு உங்களுக்கும் எனக்கும்தான்."

பொம்மையின் பாதங்களைத் துளைத்து, மேசைக்கு அடியிலிருந்து திருகாணியை முறுக்கினாள். முதுகைப் பிளந்து பழைய கம்பியை உருவிவிட்டு, அதைவிடத் தடித்த கம்பியை வைத்து மூடினாள். மண் விரலுக்குள் குளிர்ந்திருந்தது. அந்த வெயிலில், அந்த விளக்குச் சூட்டில், கிணற்றடிக் கல்லைத் தொட்டமாதிரி இருந்தது. கழுத்தைச் சாய்த்தாள். எதிர்த்தது. கம்பி எதிர்ப்பதுபோல் இல்லை, ஆள் எதிர்ப்பதுபோல் இருந்தது, விட்டுக்கொடுப்பதாகக் காட்டி மறுபடி இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திச் சாய்த்தாள். படம் எடுக்கும் பொத்தான் வலது கைப் பக்கம் இருந்தது. அதை அழுத்தத் திரும்பும் அந்த நேரத்தில்தான் அது நிமிர்கிறது என்று இரண்டு படத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

ஆக, திரும்பக்கூடாது.

பொத்தானை இடது கையில் எடுத்துக்கொண்டாள். பொம்மையின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சாய்த்தாள், விரலை விலக்கினாள், பார்த்தபடியே அழுத்தினாள். டிக். அது அசையவில்லை. சாய்த்தாள். டிக். பூட் பாலிஷ் வாடை வந்தது. அவள் பின்னால், சுவரோரமாக, நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அந்தப் பக்கம் நாற்காலி எதுவும் கிடையாது. திரும்பவில்லை. டிக். தொண்டையைச் செருமும் சத்தம். ஸ்டேசனிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போது வீடே அடங்கிப்போகுமே, அந்தச் செருமல். அவள் முதுகுத்தண்டு சின்னப்பிள்ளைக் காலத்து வழக்கப்படி தானாகக் குறுகியது. வேண்டுமென்றே நிமிர்த்திக்கொண்டாள். டிக்.

கண் எரிந்தது. இமைக்கவில்லை. கண்ணீர் கொட்டியது. அழுகை இல்லை, இமைக்காததால் வந்த தண்ணீர் என்று தனக்குத்தானே சொன்னாள். அது முழுக்க உண்மை இல்லை.

"எருமைக் கொம்பு ஒண்ணு ஒடஞ்சு போச்சுப்பா. ஞாபகம் இருக்கா? ராத்திரி பூரா தேடினேன்."

டிக்.

"நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லல. எடுத்துக் குடுத்திருக்கலாம்."

டிக்.

கரண்ட் போனது. விளக்கு அணைந்தது. ஒரு மூச்சு நேரம். பேட்டரி பிடித்துக்கொண்டு விளக்கு வருவதற்குள் அவள் கையை நீட்டிப் பொம்மையின் தலையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கைக்குள் அது முண்டியது. மீனைப் பிடித்ததுபோல் இருந்தது. விடவில்லை. விளக்கு வந்தது. கண்ணை எடுக்காமல் கையை மட்டும் விலக்கினாள். டிக்.

இடுப்பு வளைந்தது. டிக். முழங்கால் மடிந்தது. டிக். கை இறங்கியது. விரல் எருமையைத் தொட்டது. எடுத்தது.

டிக்.

முடிந்தது.  நாற்காலியை இழுத்துப் போட்டு மடிக்கணினிமுன் உட்கார்ந்தாள். ஓட்டினாள்.

திரையில் ஏட்டையா மலைச்சாமி குனிந்தார். கழுத்து சாய்ந்தது, முதுகு வளைந்தது, காலை மடித்து, கையை நீட்டி, தரையில் கிடந்த ஒற்றைக் கொம்பு எருமையை எடுத்தார். ஒரு படம்கூட மாறியிருக்கவில்லை. அவள் இதுவரை செய்த எதிலும் ஒரு பொம்மை இப்படிக் குனிந்ததில்லை. பல வருசத்துப் பாரம் அப்படியே இறங்கியது. வாய்விட்டுச் சிரித்தாள்.

படம் நிற்கவில்லை.

கடைசிப் படத்துக்குப் பிறகும் எண் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் எடுக்காத படங்கள். திரை ஒரு தரம் இருண்டு தெளிந்தது. அதில் ஒரு பெண் தெரிந்தாள். கீழேயிருந்து, மேசை மட்டத்திலிருந்து, பொம்மை நிற்கும் இடத்திலிருந்து எடுத்த படம். கலைந்த தலை, நகக்கண்ணில் மண், திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆனந்தவல்லி.

கேமரா இன்னும் மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பொத்தான் அவள் மடியில் கிடந்தது.

டிக்.

திரையில் சிரிப்பு இல்லை. தலை நூலளவு இறங்கியிருந்தது.

அவள் எழுந்திருக்க நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை. கை அசையவில்லை. கண் அசையவில்லை. மூச்சு பாதியில் நின்றது. ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவே அவளால் எதுவும் செய்ய முடியவில்லை, வைத்தது வைத்தபடி இருந்தாள். பிடரியில் ஏதோ படிந்தது. கடலையெண்ணெய் பிசுபிசுப்பு. குளிர்ச்சி. அவசரமே இல்லாத அழுத்தம்.

டிக். இன்னும் நூலளவு.

தரை தெரிந்தது. தரையில் எதுவோ கிடந்தது. அதை எடுக்கச் சொல்கிறார்.

டிக்.

குனிந்துவிடலாம். ஒரே ஒரு தரம். அதோடு விட்டுவிடுவார். சின்ன வயதில் அம்மா சொன்னதும் அதுதான், ஒரு தரம் குனிஞ்சு போயேன்டி.

மாட்டேன்.

வாய் திறக்கவில்லை. உள்ளேதான் சொன்னாள். கழுத்தை மேலே தள்ளினாள். இருக்கும் பலத்தை எல்லாம் அந்த ஒரு இடத்தில் கொண்டுவந்து தள்ளினாள். அழுத்தம் கூடியது. அவளும் கூட்டினாள்.

டிக். இறங்கவில்லை.

டிக். இறங்கவில்லை.

டிக். தலை நூலளவு ஏறியிருந்தது.

செருமல் காதருகே கேட்டது. அழுத்தம் இரண்டு கையாயிற்று. காய்ந்த மண்ணை வளைத்தால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயமாக இருந்தது.

டிக்.

திரையில் அவள் கழுத்தில் காதுக்குக் கீழிருந்து தொண்டை வரைக்கும் ஒரு விரிசல் ஓடியிருந்தது. ரத்தம் வரவில்லை. விரிசலுக்குள் சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி, ஒரு கல்கூட இல்லாத வண்டல் தெரிந்தது. அதற்கு மேலே தலை நேராக நின்றது. கண்கள் லென்ஸைப் பார்த்தன.

டிக்.

விரிசல் அகன்றது. தலை நேராக நின்றது.

டிக்.